இரு களங்கள் கண்ட வீரர் பாப்ரோவ்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, புலவர் பெருமக்களைப் பற்றியும் நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் எழுத நம் சங்கத்தில் கற்றறிந்த அன்பர் பலர் இருத்தலை எண்ணி, நாம் விளையாட்டுத் துறையின்பால் திரும்பினோம். நம் காலனிப் பிள்ளைகள் மழைக்காலத்தில் சேற்றில் புரண்டு கால்பந்து ஆடுகின்றனர். பனிக்காலம் வந்ததும் அதே மைதானத்தில் அதே பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக் கொள்கின்றனர். இரண்டிலும் நன்றாக ஆடுபவன் ஒருவனேனும் ஒவ்வொரு காலனியிலும் இருப்பான். ஆயின் ஒரே மனிதர் கோடையில் தம் நாட்டின் கால்பந்து அணிக்குத் தலைவராகவும், குளிர்காலத்தில் தம் நாட்டின் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தலைவராகவும் நின்று, இரண்டிலும் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்றார் எனில் அது வியப்பன்றோ? அத்தகையவர்தாம் சோவியத் ரஷ்யாவின் வ்ஸெவலோத் மிகைலோவிச் பாப்ரோவ்.

ஐஸ் ஹாக்கி என்பது நம்மவர் பலர் கண்ணால் காணாத ஆட்டமாதலின், அதனைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறுதல் தகும். நம் ஊர் ஹாக்கியில் பதினொருவர் புல்தரையில் பந்தை அடிப்பர். ஐஸ் ஹாக்கியிலோ உறைந்த பனித்தளத்தின் மீது, அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து, ஒரு பக்கத்துக்கு அறுவர் ஆடுவர். பந்துக்குப் பதிலாக ஒரு ரப்பர் வட்டு. அதற்குப் பக் என்று பெயர். சுற்றிலும் மரப்பலகைச் சுவர் இருத்தலின் வட்டு வெளியே ஓடிவிடாது. ஆட்டக்காரர் ஒருவரை ஒருவர் அச்சுவரோடு மோதித் தள்ளுவதும் ஆட்டத்தின் பகுதியே. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். இது கனடா நாட்டில் வளர்ந்தது. ரஷ்யாவில் வேறொரு பனி ஆட்டம் பழமையாக இருந்து வந்தது. அதில் கால்பந்து மைதானத்தின் அளவுள்ள பனிவெளியில் பதினொருவர் சிறு பந்தை வைத்து ஆடுவர். அதனையே ரஷ்ய ஹாக்கி என்பர். நம் வீரர் இளமையில் கற்றது அவ்வாட்டமே. கனடா ஆட்டத்தை அவர் வட்டாரத்தில் எவரும் அந்நாளில் ஆடியதில்லை. இது பின்னர் வரும் செய்திகளுக்கு இன்றியமையாதது.

பாப்ரோவ் 1922-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் தம்போவ் பகுதியைச் சேர்ந்த மர்ஷான்ஸ்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் லெனின்கிராடு நகருக்கு அருகில், பின்லாந்து வளைகுடாக் கரையிலுள்ள செஸ்த்ரரேத்ஸ்க் என்னும் ஊரில் குடியேறியது. அங்கே புகழ் பெற்ற கருவித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தந்தையார் அதில் வேலை செய்தார். அவர் தாமும் ஹாக்கி ஆட்டத்தில் பற்றுடையவர். மூத்த மகன் விளாடிமிர், இளையவர் நம் வீரர். இருவரும் பனிக்காலம் முழுதும் ஸ்கேட்டுக் காலணியோடு திரிந்தனர். தம்மினும் தம் அண்ணனே சிறந்த ஆட்டக்காரர் என்று பாப்ரோவ் பிற்காலத்தில் பலமுறை கூறியதுண்டு. போர்முனைக்குச் சென்ற அந்த அண்ணனுக்கு ஆட்டக்களத்தில் பெயர் பெறும் வாய்ப்பு அமையவில்லை. இளையவரும் பள்ளிக்கல்வியோடு தொழிற்கல்வியும் பெற்று அதே ஆலையில் கருவி செய்யும் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஆலை அணிக்காக ஆடினார். தந்தை வேலை செய்யும் இடத்திலேயே மகனும் வேலைக்குச் சேர்வது நம் ரெயில்வே குடும்பங்களுக்குப் புதிதன்று.

1941-இல் ஜெர்மனி ரஷ்யாவின் மீது படையெடுத்தது. லெனின்கிராடு முற்றுகைக்குள்ளாகுமுன் பல ஆலைகளை இயந்திரங்களோடும் தொழிலாளரோடும் கிழக்கே அனுப்பினர். பாப்ரோவின் ஆலையும் அவ்வாறே சைபீரியாவிலுள்ள ஓம்ஸ்க் நகருக்கு நகர்ந்தது. அடுத்த ஆண்டில் அவர் படையில் சேர்க்கப்பட்டு, அந்நகரிலேயே இராணுவப் பள்ளியில் பயின்றார். போர்முனைக்குப் போகாமல் அவர் பின்னணியில் நின்றது ஆட்டத்தின் பயனே என்பர். அவர் வயதொத்த இலட்சக்கணக்கானோர் மீளவில்லை. போர் முடியுந் தறுவாயில் அவர் மாஸ்கோ வந்து, செஞ்சேனையின் மத்திய மாளிகை அணியில் சேர்க்கப்பட்டார். இதனை நாம் சேனை அணி என்றே இனிக் குறிப்போம். அதன் பயிற்சியாளர் பரீஸ் அர்க்காதியேவ், கல்வியும் கலையார்வமும் மிக்கவர். அவ்வணியில் பலர் இளம் அதிகாரிகளாதலின் அதற்கு லெப்டினன்டுகளின் அணி என்று மக்கள் பெயரிட்டனர்.

1945 மே 18-ஆம் நாள் பாப்ரோவ் முதன் முதலாக நாட்டுச் சாம்பியன் பந்தயத்தில் இறங்கினார். வேறொருவருக்கு மாற்றாக ஆட்டத்தின் நடுவில் வந்து இரண்டு கோல்கள் போட்டார். எதிர்த்தவர் லோக்கோமோட்டிவ், அதாவது ரஷ்ய ரெயில்வேத் தொழிலாளரின் அணி. இதை எழுதுங்கால் எமக்குச் சற்று மனத்தாங்கல் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்! அந்தப் பருவத்தில் 21 ஆட்டங்களில் 24 கோல்கள் போட்டு, முதல் ஆண்டிலேயே நாட்டில் யாவரினும் மிகுதியாகக் கோல் போட்டவர் ஆனார். உயரமும் அகன்ற தோளும் உடையவர். பந்தை வாங்கியதும் தடுப்பாளரை உடம்பின் ஓர் அசைவினாலேயே தவறான திசைக்கு அனுப்பிவிட்டு, வளைந்து ஓடி, கோல்கீப்பர் முதலில் அசையும்வரை காத்திருந்து அடிப்பது அவர் வழக்கம். பலமாக அடிப்பவர் பலர். காத்திருந்து அடிப்பவர் சிலரே.

அதே ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த பிரிட்டன் பயணம் அவரை உலகறியச் செய்தது. போர் ஓய்ந்து நட்புறவு நிலவிய அச்சிறு காலத்தில், மாஸ்கோவின் டைனமோ அணி பிரிட்டனுக்கு அழைக்கப்பட்டது. சோவியத் அணிகளை மேற்கு நாட்டவர் அதுவரை அறியார். சேனை அணியைச் சேர்ந்த பாப்ரோவை டைனமோவினர் தம்மோடு இரவலாக அழைத்துச் சென்றனர். நவம்பர் 13-ஆம் நாள் லண்டனில் செல்ஸி அணியோடு முதல் ஆட்டம். எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரண்டு, இடமின்றி மைதானத்தின் கோட்டுவரை வந்து நின்றனர். பாதி நேரத்தில் இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த ரஷ்யர், பின்பாதியில் மீண்டெழுந்தனர். கடைசிக் கட்டத்தில் பாப்ரோவ் போட்ட கோலால் ஆட்டம் 3-3 என்று சமனாயிற்று. நான்கு நாள் கழித்துக் கார்டிப் நகரில் 10-1 என்ற வெற்றி. அதில் அவர் பங்கு மூன்று கோல்கள்.

மூன்றாவது ஆட்டமே இன்றளவும் கதையாகப் பேசப்படுவது. நவம்பர் 21, எதிரணி ஆர்ஸனல். அவ்வணியின் சொந்த மைதானம் போர்க்காலப் பணிகளுக்காக எடுத்துக் கொள்ளப்பட்டிருந்தமையால் டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. ஸ்டான்லி மாத்யூஸ் போன்ற வெளி அணி வீரரும் ஆர்ஸனலுக்காக அன்று இறங்கினர். லண்டன் மூடுபனியைப் பற்றி நாம் கதைகளில் படித்ததுண்டு. அன்று அது மைதானத்தையே விழுங்கியது. ஒரு முனையில் நின்றவருக்கு மறுமுனை தெரியாது. நடுவர் ரஷ்யர். ஆட்டத்தை நிறுத்தலாமா என்ற பேச்சு எழுந்தும் நிறுத்தவில்லை. தொடங்கிய முதல் நிமிடத்திலேயே பாப்ரோவ் ஒரு கோல் போட்டார். பாதி நேரத்தில் ஆர்ஸனல் 3-2 என்று முந்தியது. முடிவில் டைனமோ 4-3 என்று வென்றது. அந்த நான்கில் இரண்டு அவருடையவை. ஒரு கட்டத்தில் ஆட்கள் கணக்குக்கு மிஞ்சிக் களத்தில் இருந்தனர் என்று இரு சாராரும் மாறி மாறிக் குறை கூறினர். பனிமூட்டத்தில் எண்ணியவர் யார்? கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் அணியுடன் 2-2 என்று சமன் செய்து, ஓர் ஆட்டமும் தோற்காது அவர்கள் திரும்பினர். நான்கு ஆட்டங்களில் டைனமோ போட்ட 19 கோல்களில் ஆறு பாப்ரோவினுடையவை.

நிற்க. புகழ் வந்த சுவடு மறையுமுன் துன்பமும் வந்தது. 1946-இல் கீவ் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவருக்கு முழங்காலில் பலத்த அடிபட்டது. அறுவைச் சிகிச்சைகள் நடந்தும் அது முற்றும் குணமாகவில்லை. அதன்பின் பதினோராண்டுக் காலம் அவர் ஆடிய ஆட்டமெல்லாம் புண்பட்ட முழங்கால்களோடு ஆடியவையே. ஆட்டத்துக்கு முன் துணிப்பட்டிகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவார். தடுப்பாளர்கள் அக்காலையே குறிவைத்தனர் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இரண்டு பருவங்களிலும் ஓய்வின்றி ஆடியது அவர் கால்களை இன்னும் விரைவில் கெடுத்தது என்பது எமது கருத்து. ஆனால் ஓய்வு கொடுக்க எவருக்கும் மனமில்லை, அவருக்குமே இல்லை.

சேனை அணி 1946, 1947, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளும் கால்பந்துச் சாம்பியன் பட்டத்தை வென்றது. மூன்றாவது வெற்றி மறக்கவொண்ணாதது. 1948 செப்டம்பர் 24-இல் நடந்த கடைசி ஆட்டத்தில் எதிரணி, முன்பு அவரை இரவல் பெற்றுச் சென்ற டைனமோவேயாகும். டைனமோ ஒரு புள்ளி முன்னணியில் இருந்தது; அவர்களுக்குச் சமன் செய்தாலே போதும். ஆட்டம் 2-2 என்று நின்றது. சேனை அணியின் இரண்டாவது சறுக்கல் தம் தடுப்பாளரே தம் கோலுக்குள் பந்தைச் செலுத்தியதால் நேர்ந்தது. அம்மனிதர் நிலை எப்படியிருந்திருக்கும்! முடிய இன்னும் சில நிமிடங்களே இருக்கையில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பாப்ரோவ் வலைக்குள் அனுப்பினார். பட்டம் கிடைத்தது.

இனிப் பனிக்களத்துக்கு வருவோம். 1946 டிசம்பரில்தான் ரஷ்யாவில் கனடா முறை ஹாக்கியின் முதல் நாட்டுப் பந்தயம் தொடங்கியது. அதற்கென மூடிய அரங்குகள் இல்லை. கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நீரை ஊற்றி உறைய வைத்து, திறந்த வெளியில், உறைபனிக் குளிரில் ஆடினர். தலைக்கவசத்துக்கு மிதிவண்டிக்காரர் அணிவதையும் குத்துச்சண்டைக்காரர் அணிவதையும் பயன்படுத்தினர். ரஷ்ய ஹாக்கி ஆடியவர்களும் கால்பந்து ஆடியவர்களுமே இப்புதிய ஆட்டத்துக்கு வந்தனர். பெரிய பனிவெளியில் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களாதலின் அவர்களுக்கு வேகமும், ஒருவர்க்கொருவர் வட்டை நகர்த்திக் கொடுக்கும் வழக்கமும் இயல்பாய் அமைந்திருந்தன. கனடாவிலிருந்து எவரும் வந்து கற்பிக்காததே அவர்களுக்கு நன்மையாயிற்று என்று எண்ண இடமுண்டு. பாப்ரோவ் இதிலும் உடனே முதல்வரானார். 1947-48 பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 52. இடப்புறமிருந்து வளைந்து தடுப்பாளரைச் சுற்றி, கோலின் முன் குறுக்கே சறுக்கி, கோல்கீப்பர் விழுந்தபின் வட்டை மெல்லத் தள்ளுவார். கால்பந்தில் கண்ட அதே பொறுமை!

1949-இல் அவர் சேனை அணியை விட்டு விமானப்படை அணிக்கு மாறினார். அவ்வணியின் புரவலர் ஸ்டாலினின் மகன் வசீலி. மாஸ்கோ வட்டார விமானப்படைத் தளபதியாய் இருந்த அவர், பிற அணிகளின் சிறந்த வீரர்களையெல்லாம் வீடு, பதவி முதலிய வசதிகள் தந்து தம்பால் இழுத்தார். அவர் அழைத்தால் மறுப்பது எளிதன்று. இந்த இடமாற்றம் பாப்ரோவின் உயிரோடு விளையாடிப் பார்த்தது.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 5. விமானப்படையின் ஹாக்கி அணி உரால் பகுதியில் ஆட்டமொன்றுக்காகச் செல்லியாபின்ஸ்க் நகரை நோக்கி விமானத்தில் புறப்பட்டது. பனிப்புயல் காரணமாக விமானம் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகர விமான நிலையத்துக்குத் திருப்பப்பட்டு, இறங்கப் பலமுறை முயன்று, தரையில் மோதி நொறுங்கியது. ஆட்டக்காரர் பதினொருவர், மருத்துவர், உடல் பிடிப்பவர், விமானப் பணியினர் அறுவர், ஆகப் பத்தொன்பது பேரும் மாண்டனர். பாப்ரோவ் அவ்விமானத்தில் இல்லை. அன்று விடியற்காலையில் கடிகார மணி அவரை எழுப்பவில்லை, அயர்ந்து தூங்கிவிட்டார் என்பது பரவலாக வழங்கும் செய்தி. அணி மாற்றத்துக்கான தாள்கள் முடியாமையே காரணம் என்பாரும் உளர். எதுவாயினும், அவர் ரெயிலேறிப் பின்தொடர்ந்தார். வழியில் ஒரு நிலையத்தில் ஒலிபெருக்கி வாயிலாக அவர் பெயரைக் கூவி, நிலைய இராணுவ அதிகாரியிடம் வரும்படி அழைத்தனர். அங்கே செய்தி தெரிவிக்கப்பட்டது. நிலையங்களில் பெயர் கூவி அழைக்கும் ஒலியை நாள்தோறும் கேட்கும் நாம், இந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றோம். விக்தர் சுவாலோவ் என்னும் மற்றொரு வீரரும் வேறு காரணத்தால் விமானத்தில் ஏறாது தப்பினார்.

இவ்விபத்து பத்திரிகைகளில் வரவில்லை. இறந்தோரை ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தனர். சில நாட்களுக்குள் வேறு ஆட்களைக் கொண்டு அணி நிரப்பப்பட்டு ஆட்டங்கள் தொடர்ந்தன. இறந்தவரின் குடும்பப் பெயரையே உடைய வேறு சிலர் ஆடியமையால், நடந்ததை அறியாத ரசிகர் பழைய அணியே ஆடுவதாக எண்ணினர் என்பர். மாண்டவர்களுள் யூரி தராஸோவ் என்பார் ஒருவர். பின்னாளில் சோவியத் ஹாக்கியின் தந்தை எனப் போற்றப்பட்ட அனத்தோலி தராஸோவின் தம்பி அவர். தம்பி மாண்ட அணியில் உயிர் பிழைத்த பாப்ரோவுக்கும் அண்ணன் தராஸோவுக்கும் பிற்காலம் முழுதும் ஒத்துப் போகவில்லை. அதற்குக் காரணம் ஆட்ட முறையே என்பது வெளிப்படை. உள்ளத்தில் வேறு ஏதும் இருந்ததா என்று ஆராய்வது நமக்குத் தகாது. புதிதாய்த் திரட்டப்பட்ட விமானப்படை அணி 1951 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஹாக்கிச் சாம்பியனாயிற்று. பாப்ரோவ், சுவாலோவ், எவ்கேனி பாபிச் ஆகிய மூவரின் முன்வரிசை நாடெங்கும் பேசப்பட்டது.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயம். சோவியத் நாடு கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுவே. கால்பந்து அணிக்குப் பாப்ரோவ் தலைவர், அர்க்காதியேவ் பயிற்சியாளர். முதலில் பல்கேரியாவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றனர். அடுத்த எதிரி யூகோஸ்லாவியா. அந்நாட்டின் பலம் எத்தகையது என்பதற்கு நம் நாட்டாரே சான்று. சில நாட்களுக்கு முன்னர்தான் சைலேன் மன்னா தலைமையில் சென்ற இந்திய அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, அவர்களிடம் 10-1 என்று தோற்றிருந்தது. நமக்கு ஆறுதலாகக் கிடைத்த அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூரைச் சேர்ந்த அகமது கான். நம்மவர் பூட்ஸ் அணிந்து ஆட வேண்டும் என்ற முடிவுக்கு வந்ததும் அத்தோல்விக்குப் பின்னரே.

ரஷ்யருக்கு இது வெறும் ஆட்டமன்று. 1948 முதல் ஸ்டாலினுக்கும் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் கடும் பகை. ஜூலை 20-ஆம் நாள் டாம்பரே நகரில் ஆட்டம் தொடங்கியது. பாதி நேரத்தில் யூகோஸ்லாவியர் 3-0, பின்னர் 4-0. பாப்ரோவ் ஒன்று போட்டார். மீண்டும் எதிரி 5-1 என்று உயர்த்தினர். அரை மணி நேரமே எஞ்சியிருந்தது; தோல்வி உறுதியென்று எவரும் கருதியிருப்பர். முடிவதற்குக் கால் மணி இருக்கையில் திரபீமவ் ஒரு கோல் போட்டார். அடுத்து பாப்ரோவ் ஒன்று. 87-ஆம் நிமிடத்தில் மீண்டும் பாப்ரோவ். கடைசி நிமிடங்களில் பெத்ரோவ் தலையால் முட்டிப் போட, கணக்கு 5-5! கூடுதல் நேரத்தில் எவருக்கும் கோல் கிட்டவில்லை. ஒலிம்பிக் கால்பந்து வரலாற்றில் இதற்கு நிகரான மீட்சி அரிது. ஒரே நாள் இடைவெளி விட்டு மறு ஆட்டம் நடந்தது. ஆறாம் நிமிடத்தில் பாப்ரோவ் முதல் கோலைப் போட்டும், களைத்துப் போன அணி 3-1 என்று தோற்றது.

தோல்வியின் விலையைக் கேளுங்கள். அணி ஊர் திரும்பிய சில வாரங்களில், நாட்டின் தலைசிறந்த கால்பந்து அணியான சேனை அணி கலைக்கப்பட்டது. அர்க்காதியேவும் வீரர் சிலரும் விளையாட்டுத் துறைச் சிறப்புப் பட்டங்களை இழந்தனர். தோற்ற ஒலிம்பிக் அணியில் சேனை அணியினர் சிலரே. பிறர் வெவ்வேறு அணியினர். ஆயினும் பழி முழுவதும் அவ்வணியின் தலையில் விழுந்தது. அலுவலகங்களில் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் வழியை அறிந்தவர்களுக்கு இது புரியாததன்று. மறு ஆண்டு ஸ்டாலின் மறைந்தார். மகன் வசீலி சிறைப்பட்டார். விமானப்படை அணியும் கலைந்தது. பாப்ரோவ் 1953-இல் ஸ்பார்த்தக் அணிக்காகக் கால்பந்து ஆடி, அத்துடன் பெரிய கால்பந்துப் பந்தயங்களிலிருந்து விலகினார். நாட்டுச் சாம்பியன் பந்தயங்களில் அவர் ஆடியவை 116 ஆட்டங்கள், போட்ட கோல்கள் 97. நாட்டின் அணிக்காக அவர் ஆடிய அதிகாரபூர்வமான கால்பந்து ஆட்டங்கள் ஒலிம்பிக்கின் அம்மூன்றே. அவற்றில் கோல்கள் ஐந்து.

முப்பத்தோரு வயது, இரண்டு பழுதுற்ற முழங்கால்கள். இந்நிலையில்தான் 1954-இல் ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் நடந்த உலக ஐஸ் ஹாக்கிப் பந்தயத்துக்குச் சோவியத் அணி முதன் முறையாகச் சென்றது. தலைவர் பாப்ரோவ். பயிற்சியாளர் அர்க்காதி செர்னிஷேவ். கனடா இப்பந்தயத்துக்குத் தன் நாட்டின் முதல்தர வீரர்களை அந்நாளில் அனுப்பியதில்லை. அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர். இது அந்நாளில் அமெச்சூர் பந்தயமாயிருந்தது. ஏதேனும் ஓர் ஊர் அணியை அனுப்பியே பட்டத்தைக் கொண்டு போவது அவர்கள் வழக்கமாயிருந்தது. அவ்வாண்டு வந்தது டொரான்டோ நகரையடுத்த ஈஸ்ட் யார்க் அணி. அவர்களும் எல்லோரையும் எளிதில் வென்று வந்தனர். ஸ்வீடனை 8-0 என்று நசுக்கினர். ரஷ்யரோ ஸ்வீடனுடன் 1-1 என்றே முடித்திருந்தனர். ஆகவே கடைசி ஆட்டத்தில் கனடா வெல்லும், பின்னர் ஐரோப்பியப் பட்டத்துக்கு ரஷ்யரும் ஸ்வீடரும் மறுநாள் ஒரு தீர்வாட்டம் ஆடவேண்டும் என்று முடிவு கட்டி, அதற்குச் சீட்டும் விற்கத் தொடங்கிவிட்டனர்.

மார்ச் 7-ஆம் நாள், திறந்த வெளி அரங்கில் ஆட்டம் நடந்தது. முதல் பகுதி முடிகையில் ரஷ்யர் 4-0. இரண்டாம் பகுதி முடிகையில் 7-1. முடிவு 7-2. உடம்பால் மோதிப் பழகிய கனடியர், மோத ஆளின்றி வெற்றுப் பனியில் சுழன்றனர். வட்டு ஒருவர் கோலிலிருந்து மற்றொருவர் கோலுக்கு மாறிக்கொண்டேயிருந்தது. தீர்வாட்டச் சீட்டுகள் பயனற்றுப் போயின! ஏழு ஆட்டங்களில் எட்டுக் கோல்கள் போட்ட பாப்ரோவ் பந்தயத்தின் சிறந்த முன்னணி வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எட்டாண்டுகளுக்கு முன் அவர் நாட்டில் இவ்வாட்டத்துக்கு முறையான பந்தயமே இருந்ததில்லை என்பதை வாசகர் நினைவு கூர்க.

அடுத்த ஆண்டு ஜெர்மனியில் கனடா 5-0 என்று பழி தீர்த்துக்கொண்டது. 1956-இல் இத்தாலியின் கோர்த்தினா நகரில் குளிர்கால ஒலிம்பிக். சோவியத் அணி ஏழு ஆட்டங்களையும் வென்று, கடைசியில் கனடாவை 2-0 என்று வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்றது. தலைவர் மீண்டும் பாப்ரோவ். கோடை ஒலிம்பிக்கில் கால்பந்து அணிக்கும், குளிர்கால ஒலிம்பிக்கில் ஹாக்கி அணிக்கும் தலைமை தாங்கியவர் உலகில் இவர் ஒருவரே என்பர். 1957-இல் மாஸ்கோவிலேயே உலகப் பந்தயம் நடந்தது. ஹங்கேரி நிகழ்ச்சிகளைக் கண்டித்துக் கனடாவும் அமெரிக்காவும் வரவில்லை. கடைசி ஆட்டம் லெனின் அரங்கத்தின் திறந்த வெளியில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர் முன்னிலையில் 4-4 என்று முடிய, பட்டம் ஸ்வீடனுக்குப் போயிற்று. ஸ்வீடனின் அந்த அணியில் ஸ்வென் யோஹான்சன் என்னும் தும்பா இருந்தார். அவரும் ஹாக்கியில் முன்னணி வீரர். அவரும் கால்பந்து ஆடித் தம் நாட்டு அணிவரை சென்றவர். பின்னர்க் கோல்ப் ஆட்டத்திலும் புகழ் பெற்று 2011-இல் மறைந்தார். இரு ஆட்டக் கலைஞர்கள் அக்காலத்தில் குளிர்நாடுகளில் ஓரிருவரல்லர். ஆயினும் தலைமை என்று வரும்போது பாப்ரோவ் தனித்தே நிற்கிறார். அந்தப் பருவத்தோடு அவர் ஸ்கேட்டுகளைக் கழற்றினார். நாட்டு ஹாக்கிப் பந்தயங்களில் 130 ஆட்டங்களில் 254 கோல்கள். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு.

அவரைக் குறை கூறியோரும் உண்டு. தராஸோவ் அவர்களுள் முதல்வர். ஐவரும் ஒருவராய் ஓடி, ஒருவராய்த் தடுத்து, எவரும் எவருக்கும் மேலன்று என்று ஆடுவதே அவர் கொள்கை. பாப்ரோவோ தடுப்பதற்குப் பின்னால் ஓடிவர மாட்டார். வட்டு தம்மிடம் வரும் என்று முன்னால் நிற்பார். பிறர் தமக்காக உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் முழங்கால் இரண்டும் கெட்ட ஒருவர் முன்னும் பின்னும் ஓடியிருப்பின் 1957 வரை ஆடியிருக்க இயலுமா? பாபிச்சும் சுவாலோவும் அவருக்காக ஓடினர். அதனை அவர்கள் குறையாகக் கூறியதாய்த் தெரியவில்லை. களத்துக்கு வெளியே அவர் கைப்பணத்தை எண்ணாது கொடுப்பவர், நண்பர் கூட்டத்தை விடாதவர் என்று உடன் ஆடியோர் கூறுவர். விருந்துகளில் மிகுதியாய் நாட்டம் கொண்டவர் என்பதும் அவர்கள் கூற்றே.

பயிற்சியாளராகவும் அவர் இரு ஆட்டங்களையும் விடவில்லை. 1964-இல் மாஸ்கோ ஸ்பார்த்தக் ஹாக்கி அணியை ஏற்று, தராஸோவின் சேனை அணி கோலோச்சிய காலத்தில் 1967-இல் சாம்பியன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். பிறகு சேனையின் கால்பந்து அணிக்கு இருமுறை பொறுப்பேற்றார். அதில் பெரிய வெற்றி கிட்டவில்லை. தமக்கு எளிதாய் வந்ததைப் பிறருக்குக் கற்பிக்கும்போது பொறுமையிழப்பது பெரிய ஆட்டக்காரர் பலருக்கு உள்ளதே.

1972-இல் தராஸோவும் செர்னிஷேவும் நாட்டின் ஹாக்கி அணியை விட்டு விலகியதும் அப்பொறுப்பு பாப்ரோவிடம் வந்தது. செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களோடு எட்டு ஆட்டங்கள். உலகம் அதுவரை காணாத பந்தயம் அது. ஒன்றிலேனும் ரஷ்யர் வெல்வர் என்று கனடாவில் கூறியோர் சிலரே. செப்டம்பர் 2-ஆம் நாள் மான்ட்ரியல் நகரில் முதல் நிமிடத்திலேயே கனடா ஒரு கோல், சற்றுப் பொறுத்து இன்னொன்று. பின்னர் ரஷ்யர் எழுந்து 7-3 என்று வென்றனர். இருபது வயதான கோல்கீப்பர் திரெத்யாக்கையும் கர்லாமோவையும் அன்று கனடா அறிந்தது. ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது ரஷ்யர் மூன்று வெற்றி, ஒரு சமன் என்று முன்னணியில் இருந்தனர். ஆயின் மாஸ்கோவில் நடந்த கடைசி மூன்றையும் ஒரு கோல் வித்தியாசத்தில் இழந்தனர். எட்டாவது ஆட்டத்தில் முடிய 34 விநாடிகளே இருக்கையில் பால் ஹென்டர்சன் போட்ட கோல் அதனைத் தீர்த்தது. கோல் கணக்கில் ரஷ்யர் 32, கனடியர் 31 என்பது தோற்றவர்க்கு என்ன ஆறுதல்? மறு ஆண்டு மாஸ்கோவிலும் 1974-இல் ஹெல்சிங்கியிலும் பாப்ரோவின் அணி உலகப் பட்டம் வென்றது. இருந்தும் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டனர்.

1979 ஜூலை 1-ஆம் நாள், 56-ஆம் வயதில், இரத்தக் குழாயில் கட்டி அடைத்ததால் அவர் மாஸ்கோவில் காலமானார். குந்த்ஸேவோ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மனைவியும் ஒரு மகனும் எஞ்சினர். 1997-இல் உலக ஐஸ் ஹாக்கிச் சம்மேளனம் தன் புகழ் மண்டபத்தின் முதல் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. 2008-இல் ரஷ்யாவில் தொடங்கிய பெரிய ஹாக்கிப் போட்டித் தொடரில் அணிகளை நான்கு பிரிவுகளாக வகுத்தபோது, ஒரு பிரிவுக்குப் பாப்ரோவ் என்றும் மற்றொன்றுக்குத் தராஸோவ் என்றும் பெயரிட்டனர்.